வென்ஃப்ளானை எப்போது மாற்றுவது? காக்ரேன் நூலகத்தைப் பாடத்திலும் வார்டிலும் பயன்படுத்திய ஒருவரின் மதிப்புரை

எங்கள் மாணவியர் பயிற்சிக்குச் செல்லும் ஒரு மருத்துவமனையின் பொது மருத்துவப் பிரிவில், செவிலியர் மேசைக்கு மேலே ஒரு தாள் ஒட்டப்பட்டிருந்தது. மருந்தும் திரவமும் செலுத்துவதற்காகக் கையின் இரத்தநாளத்தில் பொருத்தி வைக்கும் சிறு குழாய் ஊசியான வென்ஃப்ளானை 72 மணி நேரத்துக்கு ஒருமுறை கட்டாயம் மாற்ற வேண்டும் என்பது அதன் சாரம். நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஊசியை மூன்றாம் நாள் காலையில் கழற்றிவிட்டு, நரம்பே அகப்படாத ஒரு முதியவரின் கையில் மூன்று இடங்களில் குத்திய பிறகு, மூன்றாமாண்டு மாணவி ஒருத்தி என்னிடம் வந்து, "இந்த எழுபத்திரண்டு மணி நேரக் கணக்கு எங்கிருந்து வந்தது மேடம்?" என்று கேட்டாள். பாடப்புத்தகத்தில் இருக்கிறது என்று சொல்லிக் கடந்து போயிருக்கலாம். அன்று மாலை அவளையும் அருகில் அமர்த்திக்கொண்டு காக்ரேன் நூலகத்தைத் திறந்தேன். பல ஆண்டுகளாக ஆராய்ச்சி முறையியல் பாடம் நடத்தும் நான் இந்தச் சேவையைப் பற்றி விரிவாக எழுத வேண்டும் என்று நினைத்தது அந்த மாலையில்தான்.

பெயரில் நூலகம் என்று இருந்தாலும் இது புத்தகங்களை அடுக்கி வைத்த இடமன்று. ஒரு சிகிச்சை பயன் தருகிறதா என்ற கேள்வியை எடுத்துக்கொண்டு, அதைப் பற்றி உலகில் நடந்த ஆய்வுகள் அனைத்தையும் முன்கூட்டியே வெளியிட்ட ஒரு திட்டத்தின்படி தேடிச் சேர்த்து, தரம் பார்த்து, இயன்றால் எண்களைக் கூட்டிக் கணித்துச் சொல்லும் முறைசார் திறனாய்வுகளின் தொகுப்பு இது. மருத்துவத் துறையினர் தங்கள் துறையின் சமவாய்ப்பு ஆய்வுகளை (யாருக்கு எந்தச் சிகிச்சை என்பதைக் குலுக்கல் போலத் தீர்மானித்து ஒப்பிடும் ஆய்வுகளை)த் தொகுத்து அவ்வப்போது புதுப்பித்து வைக்கவில்லையே என்று 1979-ல் கடிந்துகொண்ட ஆர்ச்சி காக்ரேன் என்ற பிரித்தானிய மருத்துவரின் பெயரால், அவர் மறைந்து ஐந்து ஆண்டுகள் கழித்து, 1993-ல் அயன் சால்மர்ஸ் முதலானோர் தொடங்கிய அமைப்பு இதை நடத்துகிறது.

அந்த அமைப்பின் சின்னத்தை வகுப்பில் கரும்பலகையில் வரைந்து காட்டுவது என் வழக்கம். ஏழு கிடைக்கோடுகள், நடுவே வேறுபாடு இல்லை என்பதைக் குறிக்கும் ஒரு செங்குத்துக் கோடு, கீழே இடப்பக்கமாக எல்லா ஆய்வுகளின் கூட்டு முடிவைக் காட்டும் ஒரு சிறு வைரம். குறைமாதப் பிரசவம் நேரும் எனத் தெரியும் தாய்க்கு முன்கூட்டியே ஸ்டீராய்டு ஊசி போட்டால் சிசு பிழைக்குமா என்று பார்த்த ஏழு ஆய்வுகள்தான் அந்த ஏழு கோடுகள். முதல் ஆய்வு 1972-ல் வெளிவந்தது. தனித்தனியே பார்த்தால் பெரும்பாலான கோடுகள் நடுக்கோட்டைத் தொட்டு, உறுதியாக எதையும் சொல்லாமல் நிற்கின்றன. ஏழையும் சேர்த்தால் வைரம் பயன் தரும் பக்கம் தெளிவாக விழுகிறது. ஆனால் 1989 வரை யாரும் அப்படிச் சேர்த்து வெளியிடாததால், அந்த ஊசி பல தாய்மாருக்குப் போடப்படாமலே போயிற்று. ஆய்வுச் சான்றுகளைத் தொகுப்பது எதற்கு என்று கேட்கும் மாணவியருக்கு இதைவிட நல்ல விளக்கம் என்னிடம் இல்லை.

கட்டணத்தைப் பொறுத்தவரை நம் நாட்டினருக்கு ஒரு நல்ல வாய்ப்பு கிடைத்தது. 2007-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நாடு முழுமைக்கும் சந்தா செலுத்தி இதைத் திறந்துவிட்டது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் இந்த அமைப்பின் தெற்காசிய மையம் இயங்கிவந்தது என்பதும் பலருக்குத் தெரியாத செய்தி. தேடல் பெட்டியில் ஆங்கிலச் சொற்களைத்தான் இட வேண்டும். கேள்வியை நோயாளி, சிகிச்சை, ஒப்பீடு, விளைவு என நான்காகப் பிரித்து எழுதிக்கொண்டு தேடினால் வேண்டியது முதல் பக்கத்திலேயே வந்துவிடும். வெறுமனே ஊசி, கிருமித்தொற்று என்று இட்டால் நூற்றுக்கணக்கில் வந்து குவியும்.

வென்ஃப்ளான் பற்றிய திறனாய்வு எங்களுக்கு எளிதாகவே கிடைத்தது. 2019-ல் புதுப்பிக்கப்பட்ட அந்தப் பதிப்பில் 9 ஆய்வுகள், 7,412 நோயாளிகள். நேரம் பார்த்து மாற்றுவது ஒரு பக்கம், வீக்கமோ வலியோ அடைப்போ தெரிந்தால் மட்டும் மாற்றுவது மறுபக்கம். ஒன்பதில் எட்டு ஆய்வுகளைத்தான் கூட்டுக் கணிப்பில் சேர்த்திருந்தார்கள். விடுபட்ட ஒன்று எது, ஏன் விடப்பட்டது என்று உரைக்குள் தேடிக் கண்டுபிடிப்பது இப்போது என் வகுப்பில் ஒரு பயிற்சியாகவே ஆகிவிட்டது.

நரம்பு அழற்சி, அதாவது ஊசி போட்ட இரத்தநாளம் சிவந்து வீங்குவது என்ற விளைவை முதலில் பார்த்தோம். தேவைப்படும்போது மட்டும் மாற்றிய 3,590 பேரில் 317 பேருக்கும், நேரம் பார்த்து மாற்றிய 3,733 பேரில் 307 பேருக்கும் அழற்சி வந்திருந்தது. இரு குழுக்களின் ஒப்பீட்டு விகிதம் 1.07 (1 என்றால் வேறுபாடே இல்லை), உண்மை மதிப்பு இருக்கக்கூடிய எல்லையான நம்பக இடைவெளி 0.93 முதல் 1.25 வரை. ஏறக்குறைய வேறுபாடே இல்லை என்று சொல்லக்கூடிய நிலை. மாணவி உடனே அந்தத் தாளைக் கிழித்துவிடலாமா என்று கேட்டாள். ஊசி வழியாக இரத்தத்தில் கிருமி பரவுதல் என்ற அடுத்த வரியைப் பார்க்கச் சொன்னேன். ஒரு பக்கம் ஒருவர், மறுபக்கம் இருவர். ஏழாயிரம் பேருக்கு மேல் கவனித்தும் மொத்தம் மூன்றே நிகழ்வுகள். மூன்று நிகழ்வுகளை வைத்துக்கொண்டு எந்த முறை பாதுகாப்பானது என்று யாராலும் தீர்ப்புச் சொல்ல முடியாது. திறனாய்வும் அப்படிச் சொல்லவில்லை. துல்லியம் போதவில்லை என்று காரணம் காட்டி அந்தச் சான்றின் நம்பகத்தை இரண்டு படி இறக்கிக் குறைவு என்று வைத்திருந்தது.

காக்ரேன் நூலகத்தின் உண்மையான மதிப்பு இந்த இடத்தில்தான் இருக்கிறது என்பது என் கருத்து. விடையை மட்டும் சொல்ல எத்தனையோ வழிகாட்டிக் குறிப்புகள் உண்டு. விடை எவ்வளவு உறுதியானது, உறுதி குறைந்ததற்கு ஆய்வின் அமைப்பில் எந்தக் குறை காரணம் என்பதை விளைவு வாரியாக எழுதி வைப்பது இங்கே வழக்கம். உயர்வு, நடுத்தரம், குறைவு, மிகக் குறைவு என நான்கு படிகள். சமவாய்ப்பு ஆய்வுகள் உயர்விலிருந்து தொடங்கி, ஒருபக்கச் சாய்வு, முடிவுகளின் முரண்பாடு, நம் கேள்வியோடு நேரடித் தொடர்பின்மை, துல்லியமின்மை, வெளியிடப்படாத ஆய்வுகள் இருக்கக்கூடும் என்ற ஐயம் ஆகிய ஐந்து காரணங்களால் கீழே இறக்கப்படுகின்றன. வெறுமனே கவனித்துப் பதிந்த ஆய்வுகளோ குறைவு என்ற படியிலேயே தொடங்குகின்றன.

ஆய்வு நடத்திய முறையே முடிவை ஒரு பக்கமாகச் சாய்த்திருக்குமா என்பதைக் காட்டும் பச்சை, மஞ்சள், சிவப்புப் புள்ளிகளையும் தவறாமல் பார்க்க வேண்டும். வென்ஃப்ளான் ஆய்வுகளில் எந்தக் குழுவில் யார் இருக்கிறார் என்பதைச் செவிலியரிடமிருந்து மறைக்க வழியே இல்லை. ஊசி மாற்றப்பட்டதா இல்லையா என்பது கையைப் பார்த்தாலே தெரியும். கண்ணால் பார்த்து முடிவுசெய்யும் அழற்சியில் இது சாய்வை உண்டாக்கலாம். ஆய்வகத்தில் வளர்த்துப் பார்க்கும் கிருமிச் சோதனையில் அதற்கான வாய்ப்பு குறைவு. ஒரே ஆய்வு ஒரு விளைவுக்கு நம்பகமாகவும் இன்னொன்றுக்கு ஐயத்துக்குரியதாகவும் இருக்க முடியும் என்பதை நான் இரண்டு மணி நேரம் பேசியும் புரிய வைக்க முடியாமல் இருந்தேன். அந்தப் புள்ளிகளைப் பார்த்த பத்து நிமிடத்தில் அந்த மாணவிக்கு விளங்கிவிட்டது.

இன்னொரு செய்தியும் அட்டவணையின் கீழ்ப்பகுதியில் இருந்தது. மருந்து நரம்பைவிட்டு வெளியே கசிந்து கை வீங்குவதும், ஊசி அடைத்துக்கொள்வதும் நேரம் பார்த்து மாற்றிய குழுவில் சற்றுக் குறைவாகவே இருந்திருக்கக்கூடும் என்று நடுத்தர நம்பகத்துடன் குறித்திருந்தார்கள். செலவு மறுபக்கம் குறைந்திருந்தது. கடைசி வரியை மட்டும் படித்துவிட்டு, தேவைப்படும்போது மாற்றினால் போதும் என்று முடிவுகட்டுவோரின் கண்ணில் இது படாது. தேவையில்லாத குத்தலும் இல்லை, கசிவும் இல்லை என்று இரண்டையும் ஒருசேரப் பெற முடியாது என்பதுதான் அந்த அட்டவணை சொல்வது.

குறை இல்லாத சேவை என்று சொல்லமாட்டேன். சிறு ஆய்வுகளைக் கூட்டினால் பெரிய உண்மை கிடைத்துவிடும் என்ற நம்பிக்கை ஒருமுறை பலமாக ஆட்டம் கண்டது. தீவிர நோயாளிகளுக்கு ஆல்புமின் என்ற இரத்தப் புரதக் கரைசலைச் செலுத்துவது பற்றி 1998-ல் காக்ரேன் குழு வெளியிட்ட திறனாய்வு, 30 சிறு ஆய்வுகளில் இருந்த 1,419 பேரைக் கூட்டி, ஆல்புமின் பெறும் 17 பேருக்கு ஒருவர் வீதம் கூடுதலாக இறக்கிறார் என்று அறிவித்தது. தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் பெரும் கலக்கம் ஏற்பட்டது. பிறகு ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் 6,997 நோயாளிகளைக் கொண்டு நடத்திய ஒரே பெரிய ஆய்வு 2004-ல் வெளிவந்தது. அதில் 28 நாட்களுக்குள் ஆல்புமின் குழுவில் 726 பேரும், சாதாரண உப்புநீர்க் கரைசலான சலைன் பெற்ற குழுவில் 729 பேரும் இறந்திருந்தனர்; வேறுபாடே இல்லை. ஆகவே வைரம் ஒரு பக்கம் விழுந்துவிட்டது என்பதற்காக மட்டும் நம்பிவிடாமல், அந்த வைரத்துக்குள் எத்தனை பேர், எத்தனை நிகழ்வுகள், எப்படிப்பட்ட ஆய்வுகள் என்று எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கிறது. எண்ணிப் பார்ப்பதற்கான விவரம் முழுவதையும் இந்த நூலகமே தருகிறது என்பது அதன் நேர்மைக்குச் சான்று.

எளிய நடையில் எழுதப்படும் சுருக்கங்களைப் பற்றி எனக்கு இரண்டு மனம். மருத்துவம் படிக்காதவரும் படிக்கலாம் என்பது நல்லதுதான். சில சுருக்கங்கள் தன்னார்வலர்களால் தமிழிலும் பெயர்க்கப்பட்டிருக்கின்றன. ஆயினும், போதிய சான்று கிடைக்கவில்லை என்பதும், பயனில்லை என்று சான்று கிடைத்திருக்கிறது என்பதும் ஒன்றல்ல. சுருக்கத்தில் இந்த வேறுபாடு எளிதில் கரைந்துவிடுகிறது. 2023-ல் முகக்கவசம் பற்றிய திறனாய்வு, முகக்கவசம் வேலை செய்யாது என்று காக்ரேனே சொல்லிவிட்டதாக எங்கும் பரவியபோது, அது துல்லியமற்ற, தவறான பொருள்கோடல் என்று நூலகத்தின் தலைமைப் பதிப்பாசிரியர் அறிக்கை வெளியிட வேண்டிவந்தது. அந்தச் சுருக்கத்தின் சொல்லாட்சி தவறான புரிதலுக்கு இடம் கொடுத்துவிட்டது என்று அவரே அதில் ஒப்புக்கொண்டார். மற்ற நிறுவனங்கள் பலவற்றிடம் இந்த ஒப்புதலைக்கூட எதிர்பார்க்க முடியாது.

நீளம் ஒரு தொல்லை. பல திறனாய்வுகளின் பிடிஎஃப் நூறு பக்கத்தைத் தாண்டும். இரவுப் பணி முடித்து வரும் செவிலியர் அதைப் படிப்பார் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. முடிவுகளைத் தொகுத்துக் காட்டும் அட்டவணை ஏழு விளைவுகளுக்கு மேல் போவதில்லை என்பதால், முதலில் அதைப் படித்து, பிறகு சாய்வுப் புள்ளிகளையும், சேர்க்கப்பட்ட ஆய்வுகளின் விவரப் பட்டியலையும் பார்த்தால் அரை மணி நேரத்தில் வேலை முடியும். இன்னொரு தொல்லை, மேலும் ஆய்வு தேவை என்று முடியும் திறனாய்வுகளின் எண்ணிக்கை. படுக்கையில் நோயாளியைத் திருப்பிப் போடுவது, வாய்ச் சுத்தம், உறவினரோடு பேசுவது போன்ற செவிலியப் பணிகளைத் தேடினால் இந்த வாக்கியம் அடிக்கடி கண்ணில்படும். சமவாய்ப்பு முறைக்கு எளிதில் அடங்காத கேள்விகள் நம்மிடம் நிறைய இருக்கின்றன. 2013 முதல் மக்களின் அனுபவங்களைத் தொகுக்கும் பண்புசார் திறனாய்வுகளையும் வெளியிடுகிறார்கள் என்றாலும் அவை இன்னும் சிலவே.

யாருக்கு இது உதவும் என்று கேட்டால், ஆய்வேடு எழுதவிருக்கும் செவிலியர், இயன்முறை மருத்துவ மாணவருக்கு முதலில் பரிந்துரைப்பேன். நம் கல்லூரிகளில் இளநிலை ஆய்வேடுகளின் தலைப்பை வாசிக்காமலே சொல்லிவிடலாம். ஏதோ ஒரு நோயைப் பற்றிய அறிவை அளவிட ஒரு வினாத்தாள், பிறகு ஒரு விளக்க வகுப்பு, ஏழு நாள் கழித்து அதே வினாத்தாள். ஒப்பீட்டுக் குழு கிடையாது. அதே தாளை இரண்டாம் முறை எழுதுகிறவர் கூடுதல் மதிப்பெண் வாங்காமல் வேறென்ன செய்வார்? காக்ரேன் திறனாய்வு ஒன்றை ஒருமுறை பொறுமையாகப் படித்தவர், இப்படி ஒரு ஆய்வு எந்தப் படியில் போய் நிற்கும் என்பதைத் தானே கண்டுகொள்வார்.

வார்டில் ஒட்டியிருந்த அந்தத் தாளை நாங்கள் கிழிக்கவில்லை. ஊசி போட்ட இடத்தை ஒவ்வொரு பணிமாற்றத்திலும் பார்க்க வேண்டும் என்பது அந்தத் திறனாய்வாளர்களின் அறிவுரை. நாற்பது படுக்கைக்கு இரவில் ஒரே செவிலியர் இருக்கும் வார்டில் அது நடக்குமா என்ற கேள்விக்கு நூலகத்தில் விடை இல்லை. அந்த மாணவியும் அவளுடைய தோழி ஒருத்தியும் இந்த ஆண்டு ஆய்வேட்டுக்கு வினாத்தாளை விட்டுவிட்டு, ஒரு கோடுபோட்ட நோட்டில் படுக்கை எண், ஊசி போட்ட நேரம், ஒவ்வொரு ஷிஃப்டிலும் அந்த இடத்தை யாரேனும் பார்த்தார்களா, எந்தக் காரணத்துக்காகக் கழற்றினார்கள் என்று நான்கு பத்தி போட்டு எழுதிக்கொண்டிருக்கிறார்கள். மூன்றாவது பத்தியில்தான் காலியிடங்கள் அதிகமாக இருக்கின்றன.