ஜிடிஓ, 240இசட், மஸ்டாங்: பதினான்கு ஆண்டுகள் ஓட்டியபின்

நான் மிச்சிகன் மாநிலத்தில், டெட்ராய்ட் நகரை ஒட்டிய புறநகரில் வசிக்கிறேன். கார் உதிரிபாகங்களை வடிவமைப்பது என் தொழில். கடந்த 14 ஆண்டுகளில் மூன்று பழைய வேகக் கார்கள் என் கையில் இருந்திருக்கின்றன: 1969 போன்டியாக் ஜிடிஓ, 1971 டாட்சன் 240இசட், 1989 ஃபோர்டு மஸ்டாங் 5.0 எல்எக்ஸ். இப்படிப்பட்ட கார் வாங்க நினைக்கும் நண்பர்கள் முதலில் கேட்பது குதிரைத்திறன் எவ்வளவு என்றுதான். நானும் அப்படித்தான் தொடங்கினேன். அந்த எண்ணைப் பிழையாகப் புரிந்துகொண்டேன் என்பது மூன்றையும் மாறி மாறி ஓட்டிய பிறகே தெரிந்தது.

ஜிடிஓவின் 6.6 லிட்டர் வி8 இன்ஜினுக்குக் குறிக்கப்பட்ட திறன் 350. மஸ்டாங்குக்கு 225. காகிதத்தில் பார்த்தால் போட்டியே இல்லை. சாலையில் மஸ்டாங் அவ்வளவு பின்தங்கவில்லை. அமெரிக்காவில் 1971 வரை பெரும்பாலும் இன்ஜினைத் தனியாக மேடையில் பூட்டி, காற்று வடிகட்டி, சைலன்சர், ஆல்டர்னேட்டர் எதுவும் இல்லாமல் அளந்த எண்ணைத்தான் விளம்பரத்தில் போட்டார்கள். அதற்கு ‘கிராஸ்’ அளவு என்று பெயர். 1972 முதல் காரில் பொருத்திய நிலையில் கிடைக்கும் ‘நெட்’ அளவுக்கு மாறினார்கள். கார்வெட் என்ற வேகக் காரின் எல்டி-1 இன்ஜின் 1971இல் 330 என்றும் 1972இல் 255 என்றும் குறிக்கப்பட்டது. இன்ஜின் ஏறக்குறைய அதேதான். எனவே 1970ஆம் ஆண்டு காரின் எண்ணையும் 1989ஆம் ஆண்டு காரின் எண்ணையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடாதீர்கள்.

ஆனாலும் ஜிடிஓவின் இழுவை வேறு எதிலும் கிடைக்காது. இந்தக் காரின் கதை 1964இல் தொடங்குகிறது. நடுத்தர அளவுக் கார்களில் 330 கன அங்குலத்துக்கு மேல் இன்ஜின் வைக்கக் கூடாது என்று ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்துக்குள்ளேயே ஒரு விதி இருந்தது. அந்நிறுவனத்தின் போன்டியாக் பிரிவில் தலைமைப் பொறியாளராக இருந்த ஜான் டிலோரியனும் அவருடைய பொறியாளர்களும் 389 கன அங்குல இன்ஜினை டெம்பெஸ்ட் காரில் கூடுதல் விருப்பத் தொகுப்பாகக் கொடுத்து அந்த விதியைத் தாண்டினார்கள். அந்தத் துணிச்சலை ஓட்டும்போதும் உணரலாம். நான்கு வாய்க் கார்புரேட்டரின் முன்பக்க இரண்டு வாய்களும் சிறியவை. நகரில் அவை மட்டுமே திறந்திருக்கும். ஆக்ஸிலரேட்டரை அழுத்தி மிதித்தால் பின்பக்கத்துப் பெரிய வாய்கள் இரண்டும் திறந்து, காற்றை உறிஞ்சும் முழக்கம் இருக்கை வரைக்கும் கேட்கும். மூன்றாவது கியரில் ஊர்ந்துகொண்டிருந்தாலும் கியரைக் குறைக்காமலே சீறிக் கிளம்பும்.

அந்த ஆனந்தம் ஏழெட்டு நொடிகளில் முடிந்துவிடும். பிறகு நிறுத்த வேண்டும். என் காரில் நான்கு சக்கரங்களுக்கும் டிரம் பிரேக். அன்றைய கார்களில் அதுவே வழக்கம். காரோ சுமார் 1,600 கிலோ. அடுத்தடுத்து மூன்று முறை வேகத்திலிருந்து பிடித்தால் டிரம் சூடேறி, மிதி கெட்டியாக இருந்தாலும் கார் நிற்க மறுக்கும். குழந்தைகள் பின்னால் அமர்ந்திருந்த ஒரு மாலையில் அதை அனுபவித்தேன். அன்றிலிருந்து அந்தக் காரின் முழு வலிமையை நான் கேட்டதே இல்லை.

எண்ணெய் விஷயத்தையும் சொல்ல வேண்டும். இன்ஜினைப் புதுப்பித்தபின் ஒரு பட்டறையில் இன்றைய கார்களுக்கான எண்ணெயை ஊற்றிவிட்டார்கள். பழைய இன்ஜினில், வால்வுகளைத் திறக்கவைக்கும் கேம் தண்டின் முனைகள் தட்டையான டேப்பெட்டின் மீது நேரடியாக உரசும். அதைக் காக்கும் துத்தநாகச் சேர்மம் புதிய எண்ணெய்களில் குறைவு. சில ஆயிரம் கிலோமீட்டரில் இரண்டு முனைகள் தேய்ந்து, இன்ஜினை மறுபடி பிரிக்க வேண்டியதாயிற்று. பழைய இன்ஜினுக்கு ஏற்ற எண்ணெயை நீங்களே வாங்கிப் பட்டறைக்காரர் கையில் கொடுங்கள்.

240இசட்டுக்கு வருகிறேன். 2.4 லிட்டர், நேர்வரிசையில் ஆறு சிலிண்டர், கிராஸ் அளவிலேயே 151 குதிரைத்திறன். ஜிடிஓவின் பாதிகூட இல்லை. எடையோ சுமார் 1,050 கிலோதான். முன்னால் டிஸ்க் பிரேக்; நான்கு சக்கரங்களுக்கும் தனித்தனி சஸ்பென்ஷன். 1969 இறுதியில் அமெரிக்காவுக்கு வந்தபோது இதன் விலை 3,526 டாலர். டாட்சன் கார்களைத் தயாரித்த நிசானின் அமெரிக்கப் பிரிவுத் தலைவர் யுடாகா கட்டயாமா அமெரிக்கர்களுக்கு என்ன வேண்டும் என்று புரிந்துகொண்டு இதற்காகப் போராடினார். லீலனாவ் தீபகற்பத்தைச் சுற்றிவரும் எம்-22 சாலையில், மிச்சிகன் ஏரி ஒரு பக்கம் தெரிய, வளைவுக்கு வளைவு இரண்டாவது, மூன்றாவது கியர் என்று மாற்றிக்கொண்டே போனபோதுதான் எனக்கு விளங்கியது: இந்தக் காரின் வலிமை முழுவதையும் மணிக்கணக்கில், சட்டத்துக்கு உட்பட்டே பயன்படுத்த முடிகிறது. ஜிடிஓவில் நொடிக்கணக்கில் கிடைத்ததை இது நாள் முழுவதும் கொடுத்தது.

இதற்கும் உழைப்பு வேண்டும். இரண்டு கார்புரேட்டர்களும் ஒரே அளவு காற்றை இழுக்க வேண்டும். ஒரு ரப்பர்க் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையை ஒவ்வொரு வாயிலும் காட்டிச் சீறல் ஒலியை ஒப்பிட்டுத் திருகைத் திருப்புவேன். முதல் தடவை அரை நாள் ஆனது. இப்போது இருபது நிமிடம். பின்கதவின் ரப்பர் வயதாகிவிட்டால் புகைவாசனை உள்ளே வரும். புது ரப்பர் போட்டதும் என் காரில் நின்றது. பெரிய எதிரி துரு. இங்கே குளிர்காலத்தில் சாலையில் உப்பு தூவுவார்கள். வாங்கும்முன் பேட்டரி வைக்கும் தட்டுக்கு அடியிலும் தரைத்தகட்டிலும் ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டாத இடத்தில் இரும்பு இல்லை, பூச்சு மட்டுமே இருக்கிறது.

மஸ்டாங்கைப் பற்றிக் குறை சொல்ல எனக்கு அதிகம் இல்லை. எலக்ட்ரானிக் எரிபொருள் செலுத்தி இருப்பதால் பனிக்காலக் காலையிலும் சாவியைத் திருப்பியதும் கிளம்பும். ஐந்தாவது கியர் இருக்கிறது. லிட்டருக்கு எட்டு, ஒன்பது கிலோமீட்டர் தருகிறது. ஜிடிஓ ஐந்தைத் தாண்டியதில்லை. உதிரிபாகங்கள் எளிதில் கிடைக்கின்றன. தினமும் வேலைக்குப் போக ஒரு பழைய வேகக் கார் வேண்டும் என்பவருக்கு இதையே சொல்வேன். மழையில் மட்டும் பின்சக்கரம் சட்டென்று விலகும். கால் மென்மையாக இருக்க வேண்டும்.

மூன்றையும் நிறுத்த இடம் போதாமல் ஒன்றை விற்க நேர்ந்தபோது ஜிடிஓவைக் கொடுத்தேன். விற்ற வாரம் முழுவதும் மனம் கனத்தது. ஆனால் இசட்டை விற்கும் எண்ணம் ஒரு கணமும் வரவில்லை.

ஒவ்வோர் ஆகஸ்டிலும் மூன்றாவது சனிக்கிழமை டெட்ராய்ட் பகுதியிலுள்ள உட்வர்ட் சாலையில் பழைய கார்கள் ஊர்வலமாகப் போகும். 1995 முதல் நடக்கிறது. அறுபதுகளில் இளைஞர்கள் சிக்னலுக்குச் சிக்னல் பந்தயம் விட்ட அதே சாலை. சென்ற ஆண்டு அங்கே என் பழைய ஜிடிஓ கூட்டத்தில் ஊர்ந்து வந்தது. ஓரமாக நிறுத்தி என்னை ஏறிக்கொள்ளச் சொன்னார் இப்போதைய உரிமையாளர். உட்கார்ந்ததும் பிரேக்கைத்தான் கேட்டேன். முன்சக்கரங்களுக்கு டிஸ்க் போட்டுவிட்டதாகச் சொன்னார்.