சொந்த நிரலை அலுவலக சர்வரில் ஏற்றும் முன் இதைப் படித்துவிடுங்கள்

வேலையை விட்டு விலகிய எனக்கு வரவேண்டிய மூன்று மாதச் சம்பளத்தை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். நானே எழுதி, அங்கே சேர்வதற்கு முன்பிருந்தே பயன்படுத்திவந்த ஒரு நிரலின் பிரதியை நான் வைத்திருப்பது நிறுவனச் சொத்தை அபகரித்த குற்றமாம். நிறுவனத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. பிறருடைய கணக்கு வேலைகளை ஏற்றுச் செய்துதரும் ஒரு நடுத்தர நிறுவனம் என்பது போதும்.

அந்த நிரல் பெரிய அதிசயம் ஒன்றுமில்லை. இரண்டு கணக்குக் கோப்புகளை ஒப்பிட்டு, பொருந்தாத வரிகளை மட்டும் பிரித்துத் தரும், பைத்தான் என்ற கணினி மொழியில் எழுதிய நிரல். அதன் முதல் வரியில் என் பெயரும் 2016 என்ற ஆண்டும் இருந்தன. சேர்ந்த புதிதில் என் மடிக்கணினியில் அது ஓடுவதைக் கண்ட மேலாளர், "இது உங்களுடையதுதானே, இதில் யார் கைவைக்கப் போகிறார்கள்? நம் சர்வரில் போட்டுவிடுங்கள், குழுவில் எல்லோருக்கும் பயன்படும்" என்றார். முகத்துக்கு நேரே சொன்ன அந்த வார்த்தையை நம்பித்தான் போட்டேன். பிறகு குழுவினர் கேட்ட சிறுசிறு வசதிகளையும் அலுவலக நேரத்தில் சேர்த்துக் கொடுத்தேன்.

விலகல் கடிதம் கொடுத்தபின் பார்த்தால், யார் எப்போது எதை மாற்றினார்கள் என்ற பழைய பதிவுகள் எல்லாம் துடைக்கப்பட்டு, அதே நிரல் புதிதாக ஏற்றப்பட்டிருந்தது. முதல் வரியில் என் பெயர் போய் நிறுவனத்தின் பெயர் வந்திருந்தது. ஆண்டை மாற்ற மட்டும் மறந்துவிட்டார்கள். 2016இல் நான் அங்கே வேலையிலேயே இல்லை!

மனிதவளப் பிரிவிடம் கேட்டால் சட்டப் பிரிவைக் கை காட்டினார்கள். மேலாளர் எழுத்தில் உறுதிசெய்தால் பார்க்கலாம் என்றது சட்டப் பிரிவு. மேலாளரோ, அப்படிச் சொன்னதாக நினைவில்லை என்று ஒரே வரியில் முடித்துக்கொண்டார். சம்பளத்தைக் கேட்டு நான் பதிந்த புகார், ஒருவரும் பேசாமலேயே "தீர்க்கப்பட்டது" என்று மூடப்பட்டது. தீர்ந்தது என்னுடைய மூன்று மாதச் சம்பளம்தான்.

வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், பணியின் போக்கில் ஊழியர் உருவாக்கியதற்கு முதலாளியே முதல் உரிமையாளர் என்கிறது இந்தியாவின் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2009ஆம் ஆண்டு மென்பொருள் நெறிமுறையும், கடமையை நிறைவேற்றும்போதோ முதலாளியின் அறிவுறுத்தலின்படியோ எழுதிய நிரல்களின் உரிமையைத்தான் முதலாளிக்குத் தருகிறது. நான் அலுவலக நேரத்தில் சேர்த்த வசதிகள் அவர்களுடையவை என்றால் தாராளமாக வைத்துக்கொள்ளட்டும். வேலைக்குச் சேரும் முன்பே எழுதிய அடிப்படை நிரல் எந்தப் பணியின் போக்கில் வந்தது? இதற்கு அவர்களிடம் உள்ள ஒரே பதில், நிறுவனக் கணினியில் "உருவாக்கிய, மாற்றிய அல்லது சேமித்த அனைத்தும்" நிறுவனத்துக்கே என்ற ஒப்பந்த வரி. கலிபோர்னியாவின் தொழிலாளர் சட்டம் 2870ஆம் பிரிவில், சொந்த நேரத்தில், முதலாளியின் கருவிகளைத் தொடாமல் உருவாக்கிய கண்டுபிடிப்புகளுக்குப் பாதுகாப்பு உண்டு. அங்கும்கூட முதலாளியின் தொழிலோடு தொடர்புடையது என்றால் அந்தப் பாதுகாப்பு கிடைக்காது.

என்னென்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், ஆத்திரத்தில் ஓடவில்லை. சேரும்போதே உங்கள் பழைய நிரல்களைப் பட்டியலிட்டு ஒப்பந்தத்தோடு இணைக்கச் சொல்லுங்கள். வாய்மொழி அனுமதியை நம்பாதீர்கள், கையெழுத்திட்ட கடிதமாக வாங்குங்கள். சொந்தப் பணத்தில் வாங்கிய மென்பொருள் உரிமத்தை அலுவலக மின்னஞ்சலில் பதியாதீர்கள். கணக்கை முடக்கினால் அதுவும் போய்விடும். விலகும்போது பாக்கிகளைக் கணக்கிட்டுத் தரும் கணக்குத் தீர்ப்புத் தாளில் "இனி எனக்கு எந்த உரிமைகோரலும் இல்லை" என்ற வரி இருந்தால் வழக்கறிஞரிடம் காட்டாமல் கையெழுத்துப் போடாதீர்கள். அந்தத் தாளைத்தான் நேற்று எனக்கு மறுபடியும் அனுப்பியிருக்கிறார்கள், மூன்று மாதச் சம்பளத்துக்கான கட்டத்தில் பூஜ்யம் போட்டு.