வருகைக் குறுஞ்செய்திச் சேவை: ஒரு கல்வியாண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

நான் பணிபுரியும் அரசு உதவிபெறும் மேல்நிலைப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை ஏறத்தாழ 840 மாணவர்கள் பயில்கின்றனர். சென்ற ஜூன் மாதம், பள்ளிக்கு வராத மாணவர்களின் பெற்றோருக்கு அன்றே குறுஞ்செய்தி அனுப்பும் சேவை ஒன்றைத் தனியார் நிறுவனத்திடமிருந்து ஓராண்டு ஒப்பந்தத்தில் பெற்றோம். ஒன்பதாம் வகுப்பின் ஆசிரியையாகவும், பள்ளி முழுமைக்குமான வருகைப்பதிவின் பொறுப்பாசிரியையாகவும் அதை நாள்தோறும் பயன்படுத்தியவள் என்ற முறையில் இந்த மதிப்புரையை எழுதுகிறேன். இதே அமைப்பில் இயங்கும் சேவைகள் பல விற்கப்படுகின்றன. நான் சுட்டும் குறைகள் அவற்றுள் பலவற்றுக்கும் பொருந்தக்கூடும் என்பதால் நிறுவனத்தின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன்.

சேவையின் செயல்முறை எளிது. காலை வணக்கம் முடிந்து வகுப்பாசிரியர் பெயர் அழைக்கும்போது, தம் கைப்பேசியிலுள்ள செயலியில் வராதவர்களின் பெயரை மட்டும் தொட்டால் போதும். குறிப்பிட்ட நேரத்தில் அந்தப் பெற்றோர் அனைவருக்கும் செய்தி சென்றுவிடும். இதற்கு முன்பு, மூன்று நான்கு நாள் தொடர்ந்து வராத மாணவரின் வீட்டுக்கு மட்டுமே தொலைபேசியில் பேசுவோம். அதற்குள் அந்த மாணவர் மட்டம் போட்டதை மறைக்கப் பெற்றோரின் கையெழுத்தோடு 'காய்ச்சல் காரணமாக' என்று தொடங்கும் விடுப்பு விண்ணப்பத்தைத் தாமே ஆயத்தம் செய்திருப்பார். முதல் நாளே செய்தி சென்றுவிடுவதால் அந்த வழி அடைபட்டது. வீட்டிலிருந்து சீருடையில் புறப்பட்டுப் பேருந்து நிலையத்திலேயே பொழுதைக் கழித்த இரு மாணவர்களை முதல் மாதத்திலேயே கண்டுகொண்டோம். இந்த ஒரு பயனுக்காகவே சேவையை நான் மனமாரப் பாராட்டுவேன்.

ஆனால் அதே முதல் மாதத்தில் நேர்ந்த ஒரு நிகழ்வை என்னால் மறக்க இயலவில்லை. நிறுவனம் அமைத்துக் கொடுத்தபடி செய்தி காலை 9.30 மணிக்குப் புறப்பட்டது. சுற்றுக் கிராமங்களிலிருந்து வரும் நகரப் பேருந்து பல நாட்களில் 9.40 மணிக்குத்தான் எங்கள் நிறுத்தத்தை அடையும். அவ்வாறு பத்து நிமிடம் தாமதமாக வந்து, அன்று முழுவதும் வகுப்பில் அமர்ந்திருந்த எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவனின் தந்தைக்கு, 'உங்கள் மகன் இன்று பள்ளிக்கு வரவில்லை' என்ற செய்தி சென்றது. மாலையில் வீடு திரும்பிய மகனிடம் ஒரு சொல்லும் கேட்காமல் அவர் அடித்துவிட்டார். மறுநாள் கையில் தழும்போடு நின்ற அவனிடம் நானும் தலைமையாசிரியரும் மன்னிப்புக் கேட்டோம். குழந்தைகளுக்கான இலவச கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 2009 இன் 17 ஆம் பிரிவு பள்ளியில் உடல்சார்ந்த தண்டனையைத் தடை செய்கிறது. பள்ளியில் எவரும் கைநீட்டாதிருந்தும், நாங்கள் அனுப்பிய ஒரு வரி அவனுக்கு அடியாகப் போய்ச் சேர்ந்தது. அதன் பின் செய்தி புறப்படும் நேரத்தை 10.15 மணிக்கு மாற்றினோம். தாமதமாக வருபவரைத் தனியே குறிக்கும் வசதி செயலியில் முன்பே இருந்தது. ஆனால் அதை எங்களுக்கு எவரும் காட்டித் தரவில்லை. பயிற்சி என்ற பெயரில் நிறுவனம் ஒதுக்கியது ஒரு மணி நேரம் மட்டுமே.

செய்தியின் வாசகத்தையும் மாற்ற விரும்பினோம். குற்றம் சாட்டுவதுபோல் இல்லாமல், பிள்ளையின் நலம் கேட்பதுபோல் அது அமைய வேண்டும் என்பது என் எண்ணம். மொத்தமாக அனுப்பப்படும் குறுஞ்செய்திகளின் வாசகத்தை முன்கூட்டியே பதிவு செய்து ஒப்புதல் பெற வேண்டும் என்பது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் வகுத்த விதி. ஆகவே, நினைத்த உடனே ஒரு சொல்லைக்கூட மாற்ற இயலாது. மேலும், ஆங்கிலத்தில் 160 எழுத்து கொள்ளும் ஒரு குறுஞ்செய்தி, தமிழில் 70 குறியீடுகளை மட்டுமே கொள்ளும். அதிலும் புள்ளியும் துணையெழுத்தும் தனித்தனியே எண்ணப்படுவதால், மூன்றெழுத்துச் சொல்லான 'பள்ளி' ஐந்து இடங்களை எடுத்துக்கொள்கிறது. இதனால் தமிழ்ச் செய்தி ஒன்றுக்கு இரண்டு, மூன்று செய்திகளுக்கான கட்டணம் ஆகிறது. ஆங்கிலத்திலேயே அனுப்பிவிடலாம் என்று நிறுவனத்தார் கூறியதை நாங்கள் ஏற்கவில்லை. படித்துப் பொருள் உணர முடியாத செய்தியைப் பெறும் தாய் அதைக் காட்டி விளக்கம் கேட்பது பெரும்பாலும் அந்த மாணவரிடமேதான். இப்போது செல்லும் செய்தி, 'இன்று காலை உங்கள் பிள்ளை வகுப்பில் இல்லை. நலமா என அறிய வகுப்பாசிரியர் பேசுவார்' என்பதாகும். கட்டணம் கூடியதே, ஆயினும் அது தகும்.

இச்சேவையின் மிகப் பெரிய குறை பிற்பகலில் இருக்கிறது. நம் வருகைப்பதிவேட்டில் ஒவ்வொரு நாளுக்கும் முற்பகல், பிற்பகல் என இரு குறியீடுகள் உண்டு. நாங்கள் வாங்கிய திட்டத்திலோ நாளொன்றுக்குக் காலைப் பதிவு மட்டுமே. மேல்வகுப்பு மாணவர்கள் மட்டம் போடுவது பெரும்பாலும் உணவு இடைவேளைக்குப் பிறகுதான் என்பதைப் பள்ளியில் பணிபுரியும் எவரும் அறிவர். சத்துணவு உண்பவர்கள் வளாகத்திலேயே இருப்பார்கள். வீட்டுக்குச் சென்று உண்டு வருபவர்களுக்காக வாயில் திறக்கப்படும்போது, புத்தகப்பையை வகுப்பிலேயே விட்டுவிட்டுச் சிலர் வெளியேறிவிடுவர். பை இருப்பதால் ஆள் இருப்பதாக எண்ணிக்கொள்வோம். செயலியில் அன்று அவருக்கு முழுநாள் வருகை பதிவாகியிருக்கும். மாணவர்களும் இதை விரைவில் புரிந்துகொண்டனர். ஆகஸ்ட் மாதத்திலிருந்து காலை வருகை உயர்ந்துகொண்டே சென்றதையும், அதே மாதத்தில் ஆறாம் பாடவேளையில் இருக்கைகள் காலியாக இருந்ததையும் ஒப்பிட்டபோதுதான் எனக்கு ஐயம் எழுந்தது. பிற்பகல் பதிவுக்கு நிறுவனம் தனிக் கட்டணம் கேட்டது. பேசிப் பார்த்தும் குறைக்கவில்லை. ஆகவே 9 முதல் 12 வரையிலான வகுப்புகளுக்கு மட்டும் அதைப் பெற்றோம்.

அடுத்தது வண்ண அறிக்கை. மாதந்தோறும் ஒவ்வொரு மாணவரின் வருகை விழுக்காட்டையும் செயலி கணக்கிட்டு, 75 க்குக் கீழே இருந்தால் சிவப்பிலும் மேலே இருந்தால் பச்சையிலும் காட்டுகிறது. மத்திய இடைநிலைக் கல்வி வாரியப் பள்ளிகளில் 10, 12 ஆம் வகுப்புப் பொதுத்தேர்வு எழுத 75 விழுக்காடு வருகை தேவை. தேர்வெழுதத் தகுதி உண்டா என்று பார்க்க அந்த எல்லை உதவும். படிப்பு கைநழுவுகிறதா என்று பார்க்க அது உதவாது. கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்கு ஆண்டுக்கு 220 வேலைநாட்களை வகுத்திருக்கிறது. அதில் 75 விழுக்காடு என்பது 165 நாள். அதாவது, 55 நாள் வராத குழந்தையும் அறிக்கையில் பச்சையாகவே தெரியும். என் வகுப்பில் ஒரு மாணவன் திங்கட்கிழமைதோறும் வராமல் இருந்தான். அவனது விழுக்காடு 80 ஐ ஒட்டி இருந்ததால் செயலி ஒருமுறைகூட எச்சரிக்கவில்லை. பழைய பதிவேட்டின் கட்டங்களில் வாரத்துக்கு ஒன்றாக நேர்க்கோட்டில் விழுந்திருந்த குறிகளைப் பார்த்த பிறகே விசாரித்தேன். திங்கள் எங்கள் ஊரில் சந்தை நாள். தந்தை இல்லாத அந்தப் பையன் விடியற்காலை முதல் மாமாவின் காய்கறிக் கடையில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தான். அவன் தாயையும் மாமாவையும் பள்ளிக்கு அழைத்துத் தலைமையாசிரியர் பேசினார். இப்போது காலை 8 மணி வரை மட்டும் உதவிவிட்டுப் பள்ளிக்கு வந்துவிடுகிறான்.

இதைவிடக் கவலைக்குரிய ஓர் அமைப்பையும் குறிப்பிட வேண்டும். 30 நாள் தொடர்ந்து வராதவரின் பெயரைச் செயலி தானாகவே 'செயல்பாட்டில் இல்லாதோர்' பட்டியலுக்கு மாற்றிவிடுகிறது. அன்று முதல் அந்த வீட்டுக்குச் செய்தி செல்லாது, அறிக்கையிலும் பெயர் இருக்காது. இடைநிற்றலின் விளிம்பில் ஒரு குழந்தை நிற்கும்போது, அவ்வீட்டோடு பள்ளிக்கு இருந்த தொடர்பைக் கருவியே அறுத்துவிடுகிறது. தொடக்கக் கல்வியை முடிக்கும் வரை, அதாவது எட்டாம் வகுப்பு வரை, எந்தக் குழந்தையையும் வெளியேற்றக் கூடாது என்பது சட்டத்தின் 16 ஆம் பிரிவு. பெற்றோரைத் தவறாமல் சந்தித்துப் பிள்ளையின் வருகை ஒழுங்கை எடுத்துரைப்பதை ஆசிரியரின் கடமையாக 24 ஆம் பிரிவு வைக்கிறது. ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் பெயர் இவ்வாறு மறைந்ததை நாங்கள் கவனிக்க மேலும் இரண்டு வாரங்கள் ஆயின. வீட்டுக்குச் சென்றபோது, தாய் வேலைக்குச் செல்வதால் கைக்குழந்தையான தம்பியைப் பார்த்துக்கொள்ள அவள் நிறுத்தப்பட்டிருந்தாள். தம்பியை அங்கன்வாடியில் விட ஏற்பாடு செய்த பின் திரும்பி வந்தாள். அந்தத் தானியங்கி முறையை நீக்கித் தருமாறு மூன்று முறை எழுதிய பின்னரே நிறுவனம் அதை நீக்கியது.

வாயிலில் அட்டையைத் தட்டி வருகை பதியும் கூடுதல் வசதியை ஒரு மாதம் சோதித்துப் பார்த்துத் திருப்பிவிட்டோம். ஒரே மாணவர் நான்கு நண்பர்களின் அட்டைகளைத் தட்டுவதை வாயிற்காவலரே பார்த்துச் சொன்னார். பெயர் அழைத்து முகம் பார்க்கும் முறையே நம்பகமானது.

இந்தச் சேவையை வாங்க எண்ணும் பள்ளிகள் முதலில் பெற்றோரின் கைப்பேசி எண்களைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். எங்கள் பள்ளியில் சேர்க்கைப் படிவத்தில் இருந்த எண்களுள் பல மாறிப்போயிருந்தன. சில எண்கள் மாணவர்களின் கையிலேயே இருந்தன. பிற்பகல் பதிவு அடிப்படைக் கட்டணத்திலேயே அடங்குமா என்று கேட்டு எழுத்தில் பெறுவதும் நல்லது. நாங்கள் வரும் கல்வியாண்டுக்கும் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கிறோம். செய்தி சென்ற அன்றே வகுப்பாசிரியர் அந்த வீட்டோடு பேசுவதற்காக, நான்காம் பாடவேளையில் அவர்களுக்கு இருபது நிமிடம் ஒதுக்கியிருக்கிறோம். காகிதப் பதிவேட்டையும் கைவிடவில்லை.