40 சதவீதம் குறைவாக மளிகை வவுச்சர் என்றார்கள், 2,400 ரூபாய் போயிற்று

கூப்பன் தேடிப் பிடித்து மளிகைச் செலவைக் குறைக்கலாம் என்று போன மாதம் இறங்கினேன். என்னை மாதிரி புதுசா இறங்குகிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். 2,400 ரூபாய் பெரிய தொகையா என்று கேட்பீர்கள். எங்கள் வீட்டில் அது அரை மாத மளிகை.

முதலில் எல்லோரையும் போல மளிகை ஆப்பின் பெயரைப் போட்டு ‘கூப்பன் கோடு’ என்று கூகுளில் தேடினேன். வந்த தளங்களில் பாதி, கோடு தெரிய ஒரு பட்டனை அமுக்கச் சொல்லும், அமுக்கினால் வேறு ஏதோ பக்கம் திறக்கும், கடைசியில் கிடைப்பது காலாவதியான கோடாகவோ முதல் ஆர்டருக்கு மட்டும் செல்லுவதாகவோ இருக்கும். ஒன்று மட்டும் வேலை செய்தது. கொட்டை எழுத்தில் 50 சதவீதம் தள்ளுபடி, பொடி எழுத்தில் அதிகபட்சம் 75 ரூபாய், அதுவும் 499-க்கு மேல் வாங்கினால். அந்த 499-ஐத் தொட வேண்டுமே என்று ஒரு ஜாம் பாட்டிலைச் சேர்த்தேன். பணம் கட்டும் பக்கத்துக்குப் போனால் டெலிவரி கட்டணம், கையாளும் கட்டணம் என்று வரிசையாக ஏறி, எனக்கு மிஞ்சியது 11 ரூபாய். ஜாம் இன்னும் பிரிட்ஜில் திறக்காமல் இருக்கிறது. இப்படிக் கடைசிப் பக்கத்தில் கட்டணத்தைச் சொருகுவதை மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரிலேயே ஏமாற்று உத்திகள் பட்டியலில் சேர்த்துவிட்டது, தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குப் போன் செய்து புகார் சொல்லலாம் என்பதெல்லாம் பிறகுதான் தெரிந்தது.

சரி, கோடு தேடி அலைவதைவிட வவுச்சராகவே வாங்கிவிடலாம் என்று நினைத்தபோதுதான் வவுச்சர் விற்கும் ஒரு சேனல் கண்ணில் பட்டது. சூப்பர் மார்க்கெட் வவுச்சர் 40 சதவீதம் குறைவான விலையில். ஆபீஸில் பரிசாகக் கிடைத்ததைத் தேவைப்படாதவர்கள் விற்கிறார்கள் என்று ஒரு விளக்கம், கூடவே வாங்கியவர்கள் ‘தேங்க்ஸ் ப்ரோ’ என்று அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டுகள் வரிசையாக. நானும் உஷாராகத்தான் இருந்தேன், முதலில் 150 கொடுத்து 250 ரூபாய் வவுச்சர் ஒன்று மட்டும் வாங்கிப் பார்த்தேன். அது கடையில் செல்லுபடியானது. அங்கேதான் விழுந்தேன். பெரிய மீனுக்குப் போட்ட புழு அது.

அடுத்த நாளே 2,000 ரூபாய் வவுச்சருக்கு 1,200 அனுப்பினேன். அதற்கு முன் சேனலில் விற்றவன் காட்டிய வவுச்சர் படத்தில் 16 இலக்க எண் இருந்தது, கடைசி நான்கை மட்டும் சிவப்புக் கோட்டால் அடித்திருந்தான், பார்க்க அத்தனை நம்பிக்கையாக. பணம் போனதும் முழு எண்ணும் வவுச்சரின் பின் நம்பரும் வந்தன. போட்டுப் பார்த்தால் ‘ஏற்கெனவே பயன்படுத்தப்பட்டது’ என்று வருகிறது. ஒரே எண்ணை எத்தனை பேரிடம் விற்றானோ, முந்திக்கொண்டவருக்கு மட்டும் அதிர்ஷ்டம்.

சண்டை போடுவான் என்று பார்த்தால், “சாரி சிஸ்டர், சிஸ்டம் மிஸ்டேக், உடனே ரீபண்ட் பண்றேன்” என்று குழைந்தான். ஒரு க்யூஆர் கோடு வந்தது. ஸ்கேன் பண்ணி 1,200 போட்டு என் யூபிஐ பின்னை அடித்தால் பணம் திரும்பி வருமாம். திரையில் ‘செலுத்து’ என்று தெளிவாகத்தான் இருந்தது, எனக்குத்தான் அந்தப் பதற்றத்தில் கண்ணில் படவில்லை. இன்னொரு 1,200 போயிற்று. பணம் வாங்குவதற்கு யூபிஐ பின் எந்தக் காலத்திலும் தேவையில்லை, கொடுப்பதற்கு மட்டும்தான். இதை அம்மாவுக்கு நானே ஆயிரம் முறை சொல்லியிருக்கிறேன் என்பதுதான் வயிற்றெரிச்சல். “ஃபெயில் ஆயிடுச்சு சிஸ்டர், இன்னொரு தடவை” என்று மறுபடி கேட்டான். பக்கத்தில் இருந்த தம்பி போனைப் பிடுங்கினான், “அக்கா, உனக்கு என்ன ஆச்சு?”

ராத்திரியே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்குப் போன் போட்டோம். தேதி, தொகை, வங்கி, அப்புறம் யூடிஆர் எண், அதாவது அந்தப் பரிவர்த்தனைக்கான அடையாள எண் கேட்டார்கள். 12 இலக்கம், யூபிஐ ஆப்பில் அந்தப் பரிவர்த்தனையைத் திறந்தால் இருக்கும், அதைத் தேடவே எனக்குப் பத்து நிமிடம் போயிற்று. இந்த மாதிரி ஆனால் முதலில் அந்த எண்ணையும் அவனோடு பேசிய மெசேஜ்களையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள், அவன் பிளாக் செய்து எல்லாவற்றையும் அழித்துவிடுவான். எனக்கு அதுதான் நடந்தது. எவ்வளவு சீக்கிரம் கூப்பிடுகிறோமோ அந்த அளவுக்குத்தான் பணம் அடுத்த கணக்குக்குத் தாவும் முன் நிறுத்த முடியும். எனக்குப் புகார் எண் வந்திருக்கிறது, பணம் வரவில்லை.

கூப்பன் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆப்பின் பணம் கட்டும் பக்கத்திலேயே காட்டும் கார்டு சலுகைகளை இப்போது பார்க்கிறேன், போன வாரம் எண்ணெய்க்கு 60 ரூபாய் குறைந்தது. யாருக்கும் தனியாக ஒரு பைசா அனுப்பவில்லை.

அந்த சேனல் இப்போது வேறு பெயரில் இருக்கிறது. அதே ‘தேங்க்ஸ் ப்ரோ’ ஸ்கிரீன்ஷாட்டுகள், வரிசைகூட மாறவில்லை.