வர்க்கியை இப்போது நனைப்பதில்லை: கீழ்த்தாடை இம்ப்ளான்ட் பல்செட், ஆறு வருடம்

எனக்கு வயது 71. கோத்தகிரிப் பக்கம் கொஞ்சம் தேயிலை இருக்கிறது. கீழ்த்தாடையில் இரண்டு இம்ப்ளான்ட் (எலும்பில் பதிக்கும் திருகு) வைத்து அதன்மேல் பல்செட் மாட்டி ஆறு வருடம் ஆகிறது.

அதற்கு முன் எட்டு வருடம் சாதாரண செட். மேல் செட் அண்ணத்தைக் கவ்விக்கொண்டு சமர்த்தாக இருந்தது. கீழ் செட்தான் வில்லங்கம். நாக்கு அசைந்தால் அதுவும் கிளம்பிவிடும். பல் போன பிறகு எலும்பு கரைந்துகொண்டே போவதால் செட் உட்கார மேடே இல்லை என்றார் டாக்டர். எங்கள் மலையின் மொறுமொறு பிஸ்கட்டான வர்க்கியை டீயில் நனைத்தே தின்றேன். பாதி டம்ளருக்குள் விழும். தும்மல் வந்தால் முதலில் கை வாய்க்குத்தான் போகும்.

கோயம்புத்தூரில் இம்ப்ளான்ட் வைத்துக்கொண்டேன். ஒரு பருவத்துக் கொழுந்துக் காசு போனது. முன்தாடையில் இரண்டு டைட்டானியம் திருகு. எலும்பு பிடிக்க மூன்று மாதம். செட்டின் அடியில் நைலான் வளையங்கள், பிரஸ் பட்டன் மாதிரி ‘டக்’கென்று உட்காரும். பல்லே இல்லாத கீழ்த்தாடைக்கு முதலில் இதைத்தான் யோசிக்க வேண்டும் என்று 2002-இலேயே கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய நிபுணர்கள் சொல்லிவிட்டார்களாம். சேதி மலையேற இத்தனை வருடம்!

சரி, மெல்ல முடிகிறதா? வர்க்கி, முறுக்கு, ஆட்டுக்கறி எல்லாம் ஆகிறது. கேரட்டை முழுசாக முன்பல்லால் கடித்தால் மட்டும் பின்பக்கம் லேசாக எழும்பும். துண்டு போட்டுக் கடைவாயில் மெல்லுவேன். முன்னால் திருகு பிடித்தாலும் பின்னால் செட் ஈறின் மேல்தானே உட்காருகிறது! அதனால் கொய்யா விதை அடியில் புகுந்தால் உயிர் போகும். கழற்றிக் கழுவ ஓர் இடம் தேட வேண்டும்.

ஒரு குறை உண்டு. வளையம் தேயும் என்று யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. பத்தாவது மாதம் செட் ஆட ஆரம்பித்ததும் திருகே போச்சு என்று பயந்து, அத்தனை கொண்டை ஊசி வளைவும் இறங்கிப் போனேன். பத்து நிமிடத்தில் வளையம் மாற்றி அனுப்பினார்கள். வேலை பத்து நிமிடம், போய்வர ஒரு நாள். இப்போது வருடத்துக்கு ஒருமுறை அதற்கென்றே போகிறேன்.

இன்னொன்று எங்கள் ஊர்க் குளிரால் வந்தது. ராத்திரி கழற்றித் தண்ணீரில் போடுவது வழக்கம். ஒரு ஜனவரிக் காலையில், தண்ணீர் ஐஸாக இருக்கிறதே என்று வீட்டம்மா பரிவோடு கொதிநீரை ஊற்றிவிட்டாள். செட் கோணிக்கொண்டது. அடிப்பக்கம் புதிதாகப் பூசிச் சரிசெய்ய வேண்டியதாயிற்று. அப்புறம் அந்த டம்ளரை அவள் தொடுவதே இல்லை.

திருகைச் சுற்றி ஈறை மெல்லிய பிரஷ்ஷால் தினமும் தேய்க்கிறேன். அழுக்கு சேர்ந்து ஈறு வீங்கினால் எலும்பும் போகும், திருகும் போகும்.

போடப்போகிறவர்கள் இம்ப்ளான்டின் கம்பெனி, அளவு எழுதிய அட்டையைக் கேட்டு வாங்கி வையுங்கள். கம்பெனிக்குக் கம்பெனி வளையம் வேறு.