பிஸ்மோ கடற்கரையில் 1,800 பங்குகளில் ஒன்று: வாங்கலாமா?

கலிஃபோர்னியாவின் மத்தியக் கடலோரத்தில் உள்ள பிஸ்மோ பீச் நகரில், கடல் மணலை ஒட்டினாற்போல் 'பிஸ்மோ கோஸ்ட் வில்லேஜ்' என்னும் ஆர்.வி. பூங்கா இருக்கிறது. ஆர்.வி. என்பது வீடுபோல் உள்ளேயே தங்கிப் பயணம் செய்ய ஏற்ற வண்டி. வண்டிகளை நிறுத்தித் தங்குவதற்கு அங்கே 400 இடங்கள் உள்ளன. ஒவ்வோர் இடத்திலும் மின்சாரம், குடிநீர், கழிவுநீர் ஆகிய மூன்று இணைப்புகளும் உண்டு. 1975-ஆம் ஆண்டு நிறுவனமாகப் பதிவு செய்யப்பட்ட இந்தப் பூங்காவின் உரிமை 1,800 பங்குகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஃபிரெஸ்னோவில் வசிக்கும் நாங்கள் நான்கு ஆண்டுகளாக இங்கே வாடகைக்குத் தங்கி வருகிறோம். எங்களுக்குத் தெரிந்த ஒருவர் தம் பங்கை விற்கப்போவதாகச் சொன்னதும், அதை நாங்கள் வாங்கலாமா, அண்மையில் ஓய்வுபெற்ற என் அண்ணன் வாங்கலாமா என்ற பேச்சு குடும்பத்தில் எழுந்தது. மூன்று மாதம் கணக்குப் போட்டும் படித்தும் பார்த்ததன் விளைவே இந்த மதிப்புரை.

பணம் கொடுத்து வாங்குவது எதை என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். பங்கு வாங்கியவருக்கு, 'இது என் இடம்' என்று சுட்டிக்காட்ட அங்கே ஓரடி நிலம்கூடத் தனியாகக் கிடையாது. அவருக்குக் கிடைப்பவை நிறுவனத்தில் 1,800-இல் ஒரு பங்கு, அந்தப் பங்குக்குரிய வாக்குரிமை, ஆண்டுக்கு அதிகபட்சம் 45 நாள் கட்டணமின்றி ஓர் இடத்தில் தங்கும் உரிமை ஆகியவைதாம். நிறுவனம் பங்குதாரர்களுக்கு ஈவுத்தொகை வழங்குவதில்லை. வாடகை, வண்டி நிறுத்தகம், கடை, பழுதுபார்ப்பு ஆகியவற்றிலிருந்து வரும் வருவாய் பூங்காவை நடத்தவும் மேம்படுத்தவும் பயன்படுகிறது. பங்குகள் எந்தச் சந்தையிலும் பட்டியலிடப்படாதவை என்பதால், விற்பவரும் வாங்குபவரும் பேசித் தீர்ப்பதே விலை. ஆகவே பங்கு வாங்குவதால் ஒருவர் அடையக்கூடிய நன்மைகள் இரண்டே: அங்கே தங்குவது, பிற்காலத்தில் யாரேனும் நல்ல விலைக்கு அதை வாங்கிக்கொள்வது. இரண்டாவது நம் கையில் இல்லை. எனவே முதலாவதை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும் என்பது என் கருத்து.

இந்தப் பூங்காவைப் பற்றி எனக்கு நம்பிக்கை ஏற்படக் காரணமாயிருந்தது அதன் கணக்கு வழக்கு. இந்த நிறுவனம் அமெரிக்கப் பங்குச் சந்தை ஒழுங்குமுறை ஆணையமான எஸ்.இ.சி.யிடம் 10-கே என்னும் ஆண்டறிக்கைகளைத் தாக்கல் செய்து வந்துள்ளது. அவற்றை எவரும் இணையத்தில் இலவசமாகப் படிக்கலாம். வருமானம் எங்கிருந்து வருகிறது, கடன் எவ்வளவு, நிலம் எங்கெங்கே இருக்கிறது என்பவற்றையெல்லாம் ஒரு மாலைப்பொழுதில் தெரிந்துகொள்ள முடிந்தது. சில ஆண்டுகளுக்கு முன், பணம் கட்டி உறுப்பினரானவர்கள் தங்கும் வேறொரு முகாமின் விற்பனைக் கூட்டத்தில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். இன்றே கையெழுத்திட்டால்தான் இந்த விலை என்று வற்புறுத்தினார்களே தவிர, முகாமின் வரவு செலவைக் காட்டும் ஒரு தாளைக்கூட எங்கள் கையில் கொடுக்கவில்லை. அந்த உறுப்பினர் உரிமையில் வாக்கும் இல்லை, நிலத்தில் பங்கும் இல்லை. அந்த அனுபவத்துக்குப் பிறகு, பங்குதாரர்களே உரிமையாளர்களாக இருந்து, கணக்கையும் வெளியிடும் ஓர் அமைப்பைப் பார்ப்பது மிகுந்த ஆறுதலாக இருந்தது.

ஆனால் கணக்கு சரியாக இருப்பது வேறு, நாம் விரும்பும் நாளில் இடம் கிடைப்பது வேறு. நாங்கள் அதிக நேரம் செலவிட்டது இந்த இரண்டாவது கேள்வியில்தான். 400 இடங்களை 365 இரவுகளால் பெருக்கினால் ஆண்டுக்கு 1,46,000 இரவுகள் கிடைக்கின்றன. 1,800 பங்குதாரர்களும் தத்தம் 45 நாளை முழுமையாகப் பயன்படுத்தினாலும் 81,000 இரவுகள்தான் செலவாகும். எஞ்சிய 65,000 இரவுகள் மற்றவர்களுக்கு வாடகைக்கு விடுவதற்கு இருக்கும். இந்த அளவில் பார்த்தால் இடப் பற்றாக்குறையே இல்லை என்று தோன்றும். ஜூலை மாதத்தை மட்டும் பிரித்துப் பார்த்தால் நிலைமை மாறிவிடுகிறது. அந்த மாதத்தின் மொத்த இரவுகள் 12,400. வாடகைக்கு ஒன்றுகூட விடாமல் பங்குதாரர்களுக்கே பகிர்ந்தளித்தாலும் ஆளுக்கு ஏழு இரவுகூட வராது. ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மூன்று மாதங்களையும் சேர்த்தால் ஒரு பங்குக்கு ஏறக்குறைய 20 இரவுகள். கோடைச் சனிக்கிழமைகளை மட்டும் எண்ணினால் மூன்றுகூடத் தேறாது. நவம்பர் இறுதியில் வரும் நன்றி நவிலும் நாள் (தேங்க்ஸ்கிவிங்) விடுமுறையை ஒட்டிய வாரத்தில் எல்லாரும் வர விரும்பினால், ஓர் இடத்துக்கு நான்கரைப் பங்கு போட்டியிடும்.

இந்தப் போட்டி வெறும் கற்பனை இல்லை என்பதை ஃபிரெஸ்னோ, பேக்கர்ஸ்ஃபீல்டு பகுதியில் வசிப்பவர்கள் உடனே புரிந்துகொள்வார்கள். கடலிலிருந்து தள்ளி உள்நாட்டில் இருக்கும் எங்கள் பள்ளத்தாக்கில் ஜூலை வெயில் 100 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டி நாள்கணக்கில் நிற்கும். அதே நாளில் மூன்று மணி நேரப் பயணத்தில் உள்ள பிஸ்மோவில் மூடுபனியும் குளிர்காற்றுமாக இருக்கும், மாலையில் கம்பளிச் சட்டை வேண்டியிருக்கும். வெயிலிலிருந்து தப்பிக்க நினைக்கும் அத்தனை குடும்பங்களுக்கும் பள்ளி விடுமுறையும் ஒரே காலத்தில், ஜூன் தொடக்கத்திலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதிக்குள் வருகிறது. எனவே 45 நாள் என்ற எண்ணைப் பார்த்து மயங்காமல், அந்த 45-இல் நாம் உண்மையாகவே வரக்கூடிய நாள்கள் எத்தனை, அந்த நாள்களை வேறு எத்தனை பேர் விரும்புவார்கள் என்று கேட்டுக்கொள்வதே முறை.

இனி விலை. பங்கின் விலை பல்லாயிரம் டாலர். அது காலத்துக்கும் விற்பவரின் அவசரத்துக்கும் ஏற்ப மாறுகிறது. கணக்குக்காக 50,000 டாலர் என்று வைத்துக்கொள்வோம். அதே பணத்தை நான்கு விழுக்காடு வட்டி தரும் பாதுகாப்பான முதலீட்டில் போட்டிருந்தால் ஆண்டுக்கு 2,000 டாலர் வந்திருக்கும். பங்கு வாங்கியதால் அந்த வருமானத்தை இழக்கிறோம். 45 இரவும் தங்கினால் ஓர் இரவுக்கு ஏறக்குறைய 44 டாலர் செலவு; 20 இரவு தங்கினால் 100 டாலர்; எங்களைப் போல 12 இரவு மட்டும் தங்க முடிந்தால் 167 டாலர். வாடகையாக இரவுக்கு 100 டாலர் கொடுப்பவருக்கு, 20 இரவுக்குக் குறைந்தால் பங்கு வாங்குவது நட்டம். வாங்கிய பின் பங்கின் விலை உயர்ந்தால் இந்தக் கணக்கு இளகும், இறங்கினால் இறுகும். பெயர் மாற்றக் கட்டணமும் வண்டி நிறுத்தகக் கட்டணமும் இதில் சேரவில்லை.

வண்டி நிறுத்தகம் என்று சொன்னதைச் சற்று விளக்க வேண்டும், ஏனெனில் இந்தப் பூங்காவின் உண்மையான வசதி அதில்தான் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். நிறுவனம் பூங்காவுக்கு வெளியே தனி மனைகளில் ஆர்.வி.க்களை நிறுத்திவைக்கும் சேவையை நடத்துகிறது. நாம் வரும் நாளைச் சொல்லிவிட்டால், ஊழியர்களே டிரெய்லரை இழுத்து வந்து நமக்குரிய இடத்தில் நிறுத்திவிடுகிறார்கள். இதை அங்கே 'ஸ்பாட்டிங்' என்கிறார்கள். ஃபிரெஸ்னோவிலிருந்து 41, 46 எண் சாலைகள் வழியாகப் பாசோ ரோபிள்ஸ் வந்து, அங்கிருந்து 101-இல் தெற்கே இறங்கும்போது, சான் லூயிஸ் ஒபிஸ்போவுக்கு முன்னால் குவெஸ்டா கிரேடு என்னும் செங்குத்தான மலைச்சரிவு வருகிறது. 28 அடி டிரெய்லரைப் பின்னால் கட்டிக்கொண்டு அந்தச் சரிவில் இறங்கும்போது என் மனைவி ஒரு வார்த்தை பேசமாட்டார், நானும் பேசமாட்டேன். டிரெய்லர் கடலோரத்திலேயே இருந்தால் சாதாரணக் காரில் வந்துவிடலாம். எரிபொருளும் மிச்சம், அச்சமும் இல்லை. அறுபது வயதைத் தாண்டியவர்களுக்கு இந்தச் சேவைதான் பயணத்தையே சாத்தியமாக்குகிறது என்று சொல்வேன்.

இடத்தைப் பற்றி எனக்குக் குறை ஒன்றும் இல்லை. வெந்நீர் நீச்சல் குளம், சிறு கோல்ஃப் திடல், கடை, சலவையகம், வண்டி பழுதுபார்க்கும் பட்டறை ஆகியவை உள்ளேயே இருக்கின்றன. கடலுக்குள் நீண்டிருக்கும் ஊரின் மரப்பாலத்துக்குக் கடற்கரை வழியாக நடந்தே போகலாம். தெற்குப் பக்கத்தில் உள்ள அரசுப் பூங்காவின் யூகலிப்டஸ் தோப்புக்கு, அக்டோபர் இறுதியிலிருந்து பிப்ரவரி வரை மோனார்க் வண்ணத்துப்பூச்சிகள் வந்து தங்குகின்றன. குளிர்ந்த காலையில் அவை இறக்கையை மூடிக்கொண்டு கொத்துக்கொத்தாகக் கிளைகளில் தொங்கும். வெயில் பட்டதும் மரமே அசைவதுபோல் விரியும். இடங்கள் நெருக்கமாக இருப்பது உண்மைதான். கடலை ஒட்டிய நிலத்தில் 400 வண்டிகளுக்கு இடம் தரும்போது அதைத் தவிர்க்க முடியாது. தனிமையை விரும்புவோர்க்கு இது ஏற்ற இடம் அன்று.

மாற்று வழி ஒன்றும் அருகிலேயே உண்டு. அரசின் நார்த் பீச் முகாமில் 103 இடங்கள் இருக்கின்றன. அவற்றுக்கு ஆறு மாதம் முன்னதாக முன்பதிவு தொடங்குகிறது. அங்கே மின்சார, கழிவுநீர் இணைப்புகள் இல்லை என்பதால் செலவு குறைவு, சிரமம் கூடுதல். அதே மணலுக்குத்தான் இரண்டு வழியாகவும் போகிறோம் என்பதைப் பங்குக்குப் பணம் எடுத்துவைக்கும் முன் ஒருமுறை எண்ணிப் பார்ப்பது நல்லது.

நீண்டகாலத்தில் கவனிக்க வேண்டிய இன்னொன்று நிலத்தின் அமைப்பு. ஓடைக்கும் கடலுக்கும் அருகிலுள்ள தாழ்நிலம் இது. பெருமழையும் உயரலையும் ஒரே நாளில் சேர்ந்து வரும் குளிர்காலங்களில் அதன் பொருள் புரியும். மறுபுறம், 1976-இன் கடலோரச் சட்டத்துக்குப் பின் கலிஃபோர்னியாவில் கடலோரக் கட்டுமானத்துக்கு அனுமதி பெறுவது எளிதாக இல்லை. இத்தகைய பூங்கா இன்னொன்று புதிதாக உருவாவது அரிது என்பதால் இருப்பதற்கு மதிப்பு நிலைக்கிறது. மதிப்பைத் தாங்கி நிறுத்துவதும் கடல்தான், அச்சுறுத்துவதும் அதே கடல்தான் என்பதை அறிந்தே வாங்க வேண்டும்.

எங்கள் முடிவு இது. பள்ளியில் படிக்கும் இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு, கோடையிலும் நீண்ட வார இறுதிகளிலும் மட்டுமே வரக்கூடிய எங்களுக்கு இந்தப் பங்கு பொருந்தாது. பொதுமக்களுக்கான வாடகையில் தொடர்வோம். அண்ணனின் நிலை முற்றிலும் வேறு. செவ்வாய்க்கிழமை வந்து அடுத்த வியாழக்கிழமை திரும்ப அவரால் முடியும். கூட்டம் குறைந்த அக்டோபரிலும் பிப்ரவரியிலும் நாற்பது நாளைத் தாராளமாகப் பயன்படுத்துவார். டிரெய்லரை இழுப்பதும் அவருக்கு இப்போது கடினமாக இருக்கிறது. அவர் வாங்குவதே சரி என்று நானே சொன்னேன். கையெழுத்திடும் முன் பங்குச் சான்றிதழ் விற்பவர் பெயரில் கடனின்றி இருக்கிறதா, பெயர் மாற்றத்துக்கு நிறுவனம் கேட்கும் கட்டணம் எவ்வளவு, வண்டி நிறுத்தகத்தில் இப்போது இடம் இருக்கிறதா, விருந்தினரைத் தங்கவைக்கும் விதி என்ன என்னும் நான்கையும் நிறுவன அலுவலகத்திடமே எழுத்தில் கேட்டு வாங்கும்படியும் சொல்லியிருக்கிறேன்.

அண்ணனும் அண்ணியும் வரும் நவம்பரில் இரண்டு வாரம் அங்கே வாடகைக்குத் தங்கப் போகிறார்கள். மூடுபனியும் ஈரக்காற்றும் அண்ணியின் மூட்டுவலிக்கு ஒத்துக்கொள்கிறதா என்று பார்த்த பிறகுதான் விற்பவரிடம் பதில் சொல்வது என்று தீர்மானித்திருக்கிறார்கள். அதுவரை காத்திருக்க விற்பவரும் இசைந்திருக்கிறார்.