ஃபயர்வால் போட்டுத் தர்றேன்னு 1,80,000 வாங்கிட்டு, இருந்ததையும் ஆஃப் பண்ணிட்டுப் போயிட்டான்

யாங்கோன்ல இருக்கிற நம்ம ஆளுங்க கொஞ்சம் படிச்சிட்டுப் போங்க. நேத்து ராத்திரிதான் எனக்கே விஷயம் தெரிஞ்சது, இன்னும் ஆத்திரம் அடங்கல. 1,80,000 கியாட்! ஃபயர்வால்னு ஒண்ணுக்கு, அதான் நெட் வழியா வெளியாளு நம்ம கம்ப்யூட்டருக்குள்ள நுழையாம தடுக்குற காவல். அது கம்ப்யூட்டர்லயே சும்மா கிடக்குற சாமானாம்.

வீட்ல தையல் ஆர்டர் கணக்கு, பில்லு எல்லாம் நான்தான் கம்ப்யூட்டர்ல பாக்குறேன், பொண்ணும் அதுலதான் படிக்கிறா. கரண்ட் போயிப் போயி வந்ததுல மிஷின் தகராறு பண்ணுச்சு, டவுன்ல ஒரு சர்வீஸ் கடைக்குச் சொன்னோம். வந்தவன் நம்ம தமிழ்ப் பையன், காளியம்மன் கோயில் அன்னதானத்துல பரிமாறும்போது பார்த்த முகம், வாசல்லயே அக்கான்னுட்டான். கீபோர்டைக் கவுத்துத் தட்டி, உள்ள இருந்த நூல் பிசிறெல்லாம் ஊதி எடுத்து சுத்தம் பண்ணிக் குடுத்தான், எவ்ளோ தம்பின்னா "அதுக்கெல்லாம் காசு வேணாம்க்கா"ன்னுட்டான். அங்கதான் நான் விழுந்தேன். அந்த ஒரு வார்த்தைக்கு அத்தோ நூடுல்ஸ் வேற பிசைஞ்சு வச்சு சாப்பிட வச்சேன்.

சாப்பிட்டுக்கிட்டே, "அக்கா உங்க மிஷின்ல ஃபயர்வாலே இல்ல, பில்லு பேங்க் விவரமெல்லாம் வெளிய போயிரும், ஒரு வருஷ லைசென்ஸ் போட்டுடலாம்"ன்றான். என் வீட்டுக்காரர் யோசிக்கத்தான் செஞ்சாரு, நான்தான் நம்ம பையன்தானேன்னு எடுத்துக் குடுத்தேன். பத்து நிமிஷம் என்னத்தையோ தட்டிட்டு ஒரு பக்கத்தைக் காட்டினான், மூணு வரி, மூணுலயும் பச்சை டிக். துண்டுச் சீட்ல "பயர்வால் 1 வருசம்"னு கையால எழுதிக் குடுத்தான். சீல் கிடையாது, கடைப் பேரு கிடையாது. அப்பவாவது எனக்கு உறைச்சிருக்கணும்.

அடுத்த வாரம் பொண்ணோட லேப்டாப்ல இருந்து பிரிண்ட் வரலன்னு திரும்பக் கூப்பிட்டோம். அஞ்சே நிமிஷம், சரி ஆயிடுச்சு, போயிட்டான்.

நேத்து என் அக்கா மகன் வந்தான், கம்ப்யூட்டர் படிச்ச பையன். ஸ்டார்ட்ல விண்டோஸ் செக்யூரிட்டின்னு அடிச்சு, ஃபயர்வால் அண்ட் நெட்வொர்க் புரொடெக்‌ஷன்னு ஒண்ணைத் திறந்தான். அதே பக்கம்! டொமைன், பிரைவேட், பப்ளிக்னு (ஆபீஸ், வீடு, பொது இடம்னு நெட்வொர்க் வகைக்கு ஒண்ணா) அதே மூணு வரி. ஆனா மூணும் சிவப்பு, ஆஃப். "சித்தி, இது விண்டோஸோடவே வர்றது, 2004ல எக்ஸ்பி சர்வீஸ் பேக் 2 வந்தப்பலருந்தே தானா ஆன்லதான் இருக்கும், யாரோ ஆஃப் பண்ணிருக்காங்க"ன்றான். ரெண்டாவது தடவை வந்தப்போ பிரிண்டருக்காகப் பண்ணிருக்கான் பாவி. வீட்டு வைஃபையை பிரைவேட்னு மாத்தி, ஃபைல் அண்ட் பிரிண்டர் ஷேரிங்கை மட்டும் அலவ் பண்ணா முடிஞ்சிருக்குமாம். நம்ம ஆளு பூட்டு வித்த காசையும் வாங்கிட்டு கதவையே கழட்டி வச்சிட்டுப் போயிருக்கான்.

உடனே போன் போட்டேன். "வேற சாஃப்ட்வேர் போட்டா விண்டோஸோடது தானா ஆஃப் ஆயிரும்க்கா"ன்னான். சரின்னு அக்கா மகன்கிட்ட குடுத்தேன், "அப்படின்னா அந்த சாஃப்ட்வேர் பேரு இதே பக்கத்துல காட்டணுமே, எங்க காணோம்?"னு கேட்டான், லைன் கட். அப்புறம் வைபர்ல நாலு மெசேஜ், எல்லாம் பார்த்துட்டான், பதில் இல்ல. காலைல கடைக்கே போனேன். முதலாளி பர்மாக்காரர், சிரிச்ச முகமா "யபாதே அமா, யபாதே"ன்னாரு, பரவாயில்லக்கான்னு அர்த்தம். என்ன யபாதே? என் 1,80,000 யபாதேவா? பையன் மாண்டலே போயிருக்கானாம், வந்ததும் பேசலாமாம், துண்டுச் சீட்டைக் காட்டினா இது எங்க சீட்டே இல்லைங்கிறாரு. மூணு நாள் முன்னாடிதான் அவனை அனோரத்தா ரோட்டுல பார்த்தேன்!

எப்படி செட் பண்றதுன்னு படிப்படியா எழுதலாம்னுதான் உக்காந்தேன், இப்ப கரண்ட் போற நேரம், சுருக்கமா சொல்லிடறேன். ஃபயர்வாலுக்குன்னு யாராவது காசு கேட்டா முதல்ல அந்தப் பக்கத்தைத் திறந்து பாருங்க, மூணும் ஆன்ல இருந்தா வீட்டுக்கு அதுவே போதும். ஆஃப்ல இருந்தா அந்த வரியைத் தொட்டு ஆன் பண்ணுங்க, குழப்பமா இருந்தா கீழயே ரீஸ்டோர் ஃபயர்வால்ஸ் டு டீஃபால்ட்னு இருக்கு, நாமளா அலவ் பண்ணதெல்லாம் மட்டும் போயிடும். ஏதாவது புரோகிராம் அலவ் பண்ணவான்னு கேட்டா, அது என்னன்னு தெரியாம அலவ் அமுக்காதீங்க. ரிப்பேருக்கு ஆள் வந்து போனப்புறம் ஒருக்கா திறந்து பாத்துக்குங்க. கடைப் பேரு போட்ட பில் இல்லாம காசை நீட்டாதீங்க.

நாளைக்கு வீட்டுக்காரர் போய்க் கேக்குறேன்னிருக்காரு. அவன் வர்றானோ இல்லையோ, அந்த 1,80,000 பொண்ணு ஃபீஸுக்குன்னு எடுத்து வச்சது.